அடுத்த கதவுக்குப் பின்னால்

புதுநன்மை வாங்குவதற்கு முன்பு நாம் மனப்பாடம் செய்த பாடங்களுள் பத்துக் கட்டளைகளும் ஒன்று. உபதேசியார் எண்ணைச் சொன்னால் நாம் கட்டளையைச் சொல்ல வேண்டும். கட்டளையைச் சொன்னால் எண்ணைச் சொல்ல வேண்டும். ஆண்டுகள் பல கடந்த பின்பும், பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முழந்தாளிடும்போது அந்த எண்வரிசையே நமக்குத் துணைக்கு வருகிறது. கொலை செய்யவில்லை, களவாடவில்லை, பொய்ச்சாட்சி சொல்லவில்லை என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு வருகையில், பெரும்பாலான கட்டளைகளுக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்றொரு நிம்மதி மெல்லத் தலைகாட்டும்.

அந்த நிம்மதியைக் குலைக்கும் ஆற்றல் வாய்ந்த பத்துப் படங்கள் போலந்து நாட்டில் எடுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடுவது. 1988, 1989ஆம் ஆண்டுகளில் போலந்துத் தொலைக்காட்சிக்காக உருவான அவற்றுக்கு இயக்குநர் கிறிஸ்தோஃப் கீஸ்லோவ்ஸ்கி வைத்த பொதுப்பெயர் 'தெகலோக்', அதாவது பத்துக் கட்டளைகள். தனிப்படங்களுக்கு எண் மட்டுமே உண்டு. கட்டளையின் வாசகம் திரையில் எங்கும் எழுதப்படுவதில்லை. எந்தப் படம் எந்தக் கட்டளையைச் சொல்கிறது என்று பார்ப்பவரே தேடிக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை நம் கத்தோலிக்க மறைக்கல்வி வரிசையே: ஐந்தாவது கொலை, ஆறாவது விபசாரம், ஏழாவது களவு. ஆனால் தேடத் தொடங்கியவுடன் எண்கள் ஒன்றோடொன்று கலந்துபோவதைக் காண்கிறோம். ஒரு கட்டளையை மீறியவர் இன்னொன்றையும் மீறியிருக்கிறார்; மீறியவர் யார், காத்தவர் யார் என்பதே பல இடங்களில் மயக்கமாகிவிடுகிறது.

ஒரு வழக்கறிஞரும் ஓர் இயக்குநரும்

இந்த எண்ணம் முதலில் உதித்தது கீஸ்லோவ்ஸ்கிக்கு அன்று. அவருடைய நண்பரும் வழக்கறிஞருமான கிறிஸ்தோஃப் பியெசியேவிச்சுக்கு. 1981 டிசம்பரில் போலந்தில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அக்காலத்து அரசியல் வழக்குகளைப் படமாக்க முயன்றபோதுதான் இருவரும் அறிமுகமாயினர். வார்சாவின் தேசிய அருங்காட்சியகத்தில் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியப் பலகை ஒன்று இருக்கிறது. பத்துக் கட்டளைகளையும் அக்கால மக்களின் அன்றாடக் காட்சிகளாக வரைந்து காட்டும் பலகை அது. அதை நினைவில் வைத்துத்தான், இன்றைய மனிதர்களைக் கொண்டு இதைச் செய்தால் என்ன என்று பியெசியேவிச் கேட்டார். நீதிமன்றத்தில் நாள்தோறும் மனிதர்களின் வீழ்ச்சியைக் கேட்டுப் பழகிய ஒருவருடைய கேள்வி அது.

ஓவியர் வரைந்த பழைய நகரத்தின் இடத்தில் இயக்குநர் வைத்தது வார்சாவின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒன்றுபோலவே நிற்கும் சாம்பல் நிறக் கட்டடங்கள், ஒன்றுபோலவே அமைந்த சன்னல்கள், மின்தூக்கி, தபால் பெட்டிகளின் வரிசை, பனி உறைந்த முற்றம். பத்துக் கதைகளின் மாந்தரும் அநேகமாக இந்த ஒரே குடியிருப்பின் வாசிகள். இறைச்சிக் கடை வரிசை, பங்கீட்டு அட்டை, அரசியல் போராட்டம் ஆகியவை அந்நாளைய போலந்து வாழ்வில் எங்கும் நிறைந்திருந்தவை. அவற்றை இருவரும் வேண்டுமென்றே விலக்கினர். வறுமையும் அரசும் பழியை ஏற்றுக்கொள்ள முன்வந்துவிட்டால் மனிதன் தன்னைப் பார்க்காமல் தப்பித்துவிடுவான் என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

கீஸ்லோவ்ஸ்கி 1941இல் வார்சாவில் பிறந்தவர். காசநோயாளியான தந்தை மருத்துவ இல்லம் மருத்துவ இல்லமாக மாற, குடும்பமும் ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்தது. லோட்ஸ் நகரத் திரைப்படப் பள்ளியில் பயின்று, பல ஆண்டுகள் ஆவணப்படங்களே எடுத்தார். 1974இல் எடுத்த 'முதல் காதல்' என்னும் ஆவணப்படத்தில் மிக இளம் வயதுத் தம்பதியர் ஒருவரைப் பின்தொடர்ந்தார். குழந்தை பிறக்கவிருக்கிறது, குடியிருக்க வீடில்லை. குழந்தை பிறந்த செய்தி கேட்டு அந்த இளந்தந்தை அழுகிறான். அந்தக் கண்ணீரைப் படம்பிடிக்கத் தமக்கு உரிமை உண்டா என்று கீஸ்லோவ்ஸ்கி பின்னாளில் தம்மையே கேட்டுக்கொண்டார். உண்மையான கண்ணீரைக் கண்டு அஞ்சியே அவர் கதைப்படத்துக்கு வந்தார் எனலாம். கதவுக்குப் பின்னால் நடப்பதைக் காட்ட வேண்டும். எந்த மனிதரையும் காட்டிக்கொடுக்கவும் கூடாது. அதற்குக் கற்பனை ஒன்றே வழியாயிற்று.

தம்மைத் திருச்சபையின் அரவணைப்புக்குள் இருப்பவராக அவர் ஒருபோதும் காட்டிக்கொண்டதில்லை. ஆயினும், திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் 'தெகலோக்' இடம்பெற்றது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கீஸ்லோவ்ஸ்கி காலமானார்.

பனியின் கணக்கு

முதற்படத்தில் ஒரு தந்தை, பல்கலைக்கழக ஆசிரியர். பாவெல் என்னும் சிறுவன் அவருடைய மகன். தாய் தொலைவில் இருக்கிறாள். தந்தையும் மகனும் கணிப்பொறியோடு விளையாடி மகிழ்கின்றனர். எதையும் அளக்கலாம், எதையும் கணக்கிடலாம் என்பது தந்தையின் நம்பிக்கை. அவருடைய சகோதரி இரேனா பக்தியுள்ளவள். மரணம் என்றால் என்னவென்று சிறுவன் தந்தையைக் கேட்கும்போது, இதயம் இரத்தத்தை அனுப்புவதை நிறுத்திவிடுவது என்று விடை வருகிறது. கடவுள் எங்கே என்று அத்தையைக் கேட்கும்போது, அவள் அவனை மார்போடு அணைத்து, இப்போது நீ உணர்வது என்ன என்று கேட்கிறாள். அன்பு என்கிறான் சிறுவன். அவர் அதில்தான் இருக்கிறார் என்கிறாள் அத்தை. மறைக்கல்வி வகுப்பில் ஓர் ஆண்டு சொல்லியும் விளங்காதது அந்த அணைப்பில் விளங்கிவிடுகிறது.

கிறிஸ்துமசுக்காக வாங்கி மறைத்துவைத்த சறுக்குக் காலணிகளைச் சிறுவன் கண்டுபிடித்துவிடுகிறான். குளத்தின் பனிக்கட்டி தாங்குமா? தந்தை வெப்பநிலையைக் கேட்டறிந்து கணிப்பொறியில் கணக்கிடுகிறார். சிறுவனின் எடையைப் போல மும்மடங்கையும் அது தாங்கும் என்று விடை வருகிறது. அதோடு விடாமல் இரவில் தாமே சென்று பனியின் மீது நடந்தும் பார்க்கிறார். இது அலட்சியமான தந்தையின் கதை இல்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். கணக்கில் பிழையில்லை. அன்பிலும் குறையில்லை. பனி உடைந்தது.

அதன்பின் வரும் இருபது நிமிடங்கள் திரையுலகின் மிகக் கொடிய நிமிடங்களுள் சேரும். காகிதத்தின்மீது காரணமின்றி மைக்கறை பரவுகிறது. தீயணைப்பு வண்டியின் ஓலம் கேட்கிறது. தந்தை பதற்றத்தை வெளிக்காட்டாமல் படிகளில் இறங்குகிறார், ஏறுகிறார், கதவு கதவாகத் தட்டுகிறார், மகனின் நண்பர்களை விசாரிக்கிறார். ஒரு குடியிருப்பில் இத்தனை காலம் வாழ்ந்தவர் அண்டை வீட்டாரின் கதவுகளை அன்றுதான் தட்டுகிறார் என்று நமக்குத் தோன்றுகிறது.

இறுதியில் அவர் கட்டி முடிக்கப்படாத ஓர் ஆலயத்துக்குள் நுழைந்து பீடத்தைத் தள்ளிக் கவிழ்க்கிறார். மெழுகுதிரி சரிந்து, உருகிய மெழுகு அன்னை மரியாவின் படத்தில் கன்னத்தின்மீது சொட்டுகிறது. தீர்த்தத் தொட்டியில் நீர் உறைந்து கிடக்கிறது. அந்த வட்டமான பனித்துண்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்கிறார். அது அப்பத்தைப் போலவும் தெரிகிறது. சிறுவனை விழுங்கிய பனியும் அதுவே. இது மனமாற்றமா, நிந்தையா என்று இயக்குநர் சொல்வதில்லை. யோபு தம் குப்பைமேட்டிலிருந்து இறைவனோடு வழக்காடியதை மன்றாட்டு என்றே ஏற்கும் நாம், இந்தத் தந்தையின் கோபத்தையும் மன்றாட்டு என்றே எண்ண வேண்டும் என்பது என் கருத்து. யாரும் இல்லாத இடத்தில் ஒருவன் பீடத்தைக் கவிழ்க்கமாட்டான்.

எல்லாக் கதைகளிலும் ஒரு குழந்தை

பத்துப் படங்களையும் தொடர்ந்து பார்ப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். ஒவ்வொரு கட்டளையின் எடைக்கல்லாகவும் ஏதோ ஒரு பிள்ளை நிற்கிறது. முதற்படத்தில் அது பனியில் மூழ்கிய பாவெல். இரண்டாவதில் இன்னும் பிறவாத குழந்தை.

அந்த இரண்டாம் படத்தில் தொரோத்தா என்னும் இசைக்கலைஞர் தன் கட்டடத்திலேயே வசிக்கும் முதிய மருத்துவரை நாடி வருகிறாள். கணவன் புற்றுநோயால் மருத்துவமனையில் கிடக்கிறான். அவள் வயிற்றில் வளர்வதோ வேறொருவனின் குழந்தை. கணவன் பிழைப்பானானால் கருவை அழித்துவிடுவேன், இறப்பது உறுதியானால் பெற்றுக்கொள்வேன். எது நடக்கும் என்று சொல்லுங்கள் என்கிறாள். மருத்துவருக்கு அது தெரியாது. தெரியாததை இறைவன் பெயரால் உறுதி சொல்ல முடியுமா? இரண்டாம் கட்டளை அங்கேதான் நிற்கிறது. இந்த இருவருக்கும் முன்பே ஒரு பழக்கம் உண்டு: சில ஆண்டுகளுக்கு முன் அவளுடைய கார் அவருடைய நாயின்மேல் ஏறிவிட்டது. அடுத்தடுத்து வாழ்பவர்களை இணைத்தது அந்த ஒரு நாயின் சாவு மட்டுமே.

மருத்துவர் தம் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் வாரத்துக்குக் கொஞ்சமாகத் தம் கதையைச் சொல்லி வருகிறார். போர்க்காலத்தில் அவர் மருத்துவமனையில் இருந்தபோது குண்டு விழுந்து வீடும் மனைவி மக்களும் அழிந்தனர். ஒரு குழந்தைக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. இந்த மனிதர் கடைசியில் தொரோத்தாவிடம், உன் கணவன் இறப்பான் என்று உறுதி கூறுகிறார். கணவன் பிழைத்துவிடுகிறான். ஒரு நாள் அவன் மருத்துவரின் அறைக்கு வந்து, எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, குழந்தை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா என்று பூரித்துக் கேட்கிறான். தெரியும் என்கிறார் மருத்துவர். அந்த ஒற்றைச் சொல்லில் அவர் இழந்த வீடு முழுவதும் இருக்கிறது. அவர் சொன்னது மருத்துவ முடிவா, உயிரைக் காக்கச் சொன்ன பொய்யா என்று படம் நம்மிடமே விட்டுவிடுகிறது. அறநெறி நூல்களில் எளிதாகத் தீர்த்துவிடும் வினா ஒன்று, ஒரு முதியவரின் முகத்தில் தீராமல் நிற்பதைக் காண்கிறோம்.

இதே கதையை எட்டாம் படத்தில் ஒரு மாணவி வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்கிறாள். அறவியல் பேராசிரியை சோஃபியா கேட்டுக்கொண்டிருக்கிறார். பின்னர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு பெண் எழுந்து வேறொரு கதையைச் சொல்கிறாள். 1943, நாசிகளின் ஆதிக்கத்தில் வார்சா. ஆறு வயது யூதச் சிறுமி ஒருத்தியைக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் ஒளித்துவைக்க ஏற்பாடு ஆகிறது. அதற்குப் பொய்யான ஞானஸ்நானச் சான்று வேண்டும். ஞானப்பெற்றோராக இருக்க இசைந்த தம்பதியர் கடைசி நேரத்தில், பொய்ச்சாட்சி சொல்ல எங்கள் மனச்சான்று இடந்தராது என்று கூறி மறுத்துவிடுகின்றனர். அந்தச் சிறுமி தானே என்றும், மறுத்த பெண் சோஃபியா என்றும் வகுப்பில் இருவருக்கு மட்டுமே தெரியும்.

உண்மைக் காரணம் வேறு என்று பின்னர் விளங்குகிறது. அடைக்கலம் தரவிருந்த குடும்பம் கெஸ்டாப்போவுக்கு உளவு சொல்கிறது என்றொரு செய்தி அவர்களுக்கு எட்டியிருந்தது. அந்தச் செய்தியும் பொய். ஆனால் நம்மைச் சுடுவது, முதலில் சொல்லப்பட்ட காரணம் ஒரு கட்டளையின் பெயரால் சொல்லப்பட்டது என்பதே. எட்டாம் கட்டளையைக் காப்பதாகக் கூறி ஒரு குழந்தையைப் பனி இரவில் தெருவுக்கு அனுப்பலாம். ஓய்வுநாளில் ஒருவரைக் குணமாக்கலாமா என்று இயேசுவிடம் கேட்டவர்களுக்கும் கட்டளை நன்றாக மனப்பாடம் ஆகியிருந்தது. குழந்தையின் உயிரைவிட மேலான கருத்து எதுவுமில்லை என்று சோஃபியா பேராசிரியையாக இப்போது கற்பிக்கிறார். நாற்பதாண்டுக் குற்ற உணர்வு எழுதிய பாடம் அது. அவருடைய சொந்த மகனோ அவரோடு இல்லை.

ஏழாம் படத்தில் குழந்தையே களவுப்பொருள் ஆகிறது. மாய்கா தன் பள்ளி நாள்களில் ஓர் ஆசிரியரால் தாயானவள். மானத்துக்கு அஞ்சி, அவளுடைய தாயே குழந்தை ஆன்யாவைத் தன் மகளாகப் பதிவுசெய்து வளர்க்கிறாள். ஆறு வயதாகும் ஆன்யாவை மாய்கா கடத்திச் செல்கிறாள். தன்னுடையதைத் தானே களவாட முடியுமா என்பது அவள் கேள்வி. ஆனால் அம்மா என்று அழைக்கச் சொன்னால் குழந்தை அவளைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறது. இறுதியில் மாய்கா தனியே தொடர்வண்டி ஏறுகிறாள். குழந்தை நடைமேடையில் நின்று பார்க்கிறது. குடும்ப மானத்தைக் காப்பாற்ற நாம் எடுக்கும் முடிவுகளுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதற்கு அந்தக் குழந்தையின் பார்வையைவிடக் கடுமையான விடை இல்லை.

நான்காம் படத்தில், தாய் விட்டுச்சென்ற கடிதம் ஒன்றால் தந்தையும் மகளும் தாம் உண்மையில் உறவா என்றே ஐயுறுகின்றனர்; கடைசியில் கடிதத்தைத் திறக்காமலே எரித்துவிட்டு, தந்தையும் மகளுமாகவே இருக்கத் தீர்மானிக்கின்றனர். இரத்தத்தைவிட உறவைத் தேர்ந்துகொள்ளும் அந்தச் செயல் நான்காம் கட்டளைக்குப் புதிய பொருள் தருகிறது. பத்தாம் படம் இறந்த தந்தையின் அஞ்சல்தலைத் தொகுப்பைப் பற்றியது. தந்தை வாழ்நாளெல்லாம் அதன்மீது காட்டிய அன்பைக் குடும்பத்தின்மீது காட்டவில்லை. சகோதரர் இருவரும் அதைப் பெற்றவுடன் அவர் நோயையும் பெற்றுவிடுகின்றனர்: கதவுக்கு இரும்புக்கம்பி, காவலுக்கு நாய், விடுபட்ட ஒரே ஓர் அஞ்சல்தலைக்காக ஒருவரின் சிறுநீரகம். அறுவை நடக்கும் வேளையில் எல்லாம் களவு போகிறது. ஒருவரையொருவர் ஐயுற்று இருவரும் தனித்தனியே காவலரிடம் சொல்கின்றனர். பின்பு, இருவர் கையிலும் புதிதாக வாங்கிய ஒரே வகை அஞ்சல்தலைகள் இருப்பதைக் கண்டு சிரித்துவிடுகின்றனர். கண்ணீரும் பனியுமாகச் சென்ற தொடர் சகோதரர் சிரிப்பில் முடிகிறது.

கொலையும் தண்டனையும்

ஐந்தாம் படம் இத்தொகுப்பின் உச்சம். இதன் விரிவான வடிவம் 'கொலையைப் பற்றிய ஒரு குறும்படம்' என்ற பெயரில் திரையரங்குகளுக்கு வந்தது. 1988இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுப் பரிசையும், அவ்வாண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட ஐரோப்பியத் திரைப்பட விருதையும் பெற்றது.

நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்து அலையும் இளைஞன் யாசெக், முன்பின் அறியாத வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவரைக் கழுத்தை இறுக்கிக் கொல்கிறான். காரணம் எதுவும் சொல்லப்படுவதில்லை. கொலை நிமிடக்கணக்கில் நீள்கிறது. ஒரு மனிதனைக் கொல்வது எவ்வளவு கடினமான வேலை என்பதை, துப்பாக்கி ஓசையில் பத்துப் பேர் சாயும் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு உணர்த்துவதற்காகவே அந்த நீட்சி. பின்னர் அரசு யாசெக்கைத் தூக்கிலிடுகிறது. அதுவும் அதே பொறுமையோடு காட்டப்படுகிறது: கயிற்றின் நீளம், பொறியின் எண்ணெய், தாழ்வாரத்தின் காலடி ஓசை. முதற்கொலை அலங்கோலமானது, இரண்டாவது ஒழுங்கானது. ஒழுங்கினால் அது கொலை அன்று என்றாகிவிடுமா என்று படம் கேட்கிறது.

தூக்குக்குச் சற்று முன்பு யாசெக் தன் வழக்கறிஞரிடம் மனந்திறக்கிறான். அவனுக்கு ஒரு தங்கை இருந்தாள், பன்னிரண்டு வயது. அவனும் நண்பனும் சேர்ந்து குடித்தார்கள். நண்பன் ஓட்டிய டிராக்டர் அவள்மேல் ஏறிவிட்டது. புதுநன்மை உடையில் அவள் நிற்கும் புகைப்படத்தைத்தான் அவன் கொலை நாளன்று பெரிதாக்கித் தரும்படி கடையில் கொடுத்திருந்தான். தீர்ப்புக்குப் பின் தன்னை வண்டியில் ஏற்றும்போது வழக்கறிஞர் மேலிருந்து தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அது தன்னைக் கலக்கிவிட்டது என்கிறான். பெயர் சொல்லி அழைக்க ஒருவர் முன்பே இருந்திருந்தால்? இது கொலைக்குச் சமாதானம் ஆகாது. இயக்குநரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கேள்வி நம்மிடமே வந்துவிடுகிறது.

இன்னொரு நுட்பம். கொல்லப்பட்ட ஓட்டுநரும் தூயவராகக் காட்டப்படவில்லை. அன்று காலை, குளிரில் நின்று தமக்காகக் காத்திருந்த ஒரு தம்பதியரைக் கண்டும் காணாதவர்போல விட்டுவிட்டுக் காரை ஓட்டிச் செல்கிறார். அந்தத் தம்பதியர் யாரென்று இரண்டாம் படத்தைப் பார்த்தவருக்குத் தெரியும்: தொரோத்தாவும், சாவின் வாயிலிருந்து மீண்ட அவள் கணவனும். ஓட்டுநருக்கு அது தெரியாது. அதே ஓட்டுநர் சற்று நேரங்கழித்துத் தம் உணவில் ஒரு பங்கைத் தெருநாய்க்குத் தருகிறார். கொலை செய்தவனும், மாண்டவரும், விட்டுச்செல்லப்பட்டவரும் ஒரே காலைப்பொழுதில் ஒருவரையொருவர் உரசிச் செல்கின்றனர். ஒருவர் துயரம் மற்றவருக்குத் தெரியாது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் வெளியிட்ட 'வாழ்வின் நற்செய்தி' மடலில், மரண தண்டனைக்கு அவசியம் ஏற்படும் நிலைமைகள் இன்று ஏறக்குறைய இல்லை என்றார். 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஏட்டையே திருத்தி, அத்தண்டனை ஏற்கத்தகாதது என்று அறிவித்தார். போலந்தில் 1988க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 1997இன் தண்டனைச் சட்டம் அதை நீக்கிவிட்டது. திருச்சபை படிப்படியாக வந்து சேர்ந்த இடத்தில் ஒரு சிறு படம் முன்கூட்டியே நின்றுகொண்டிருந்தது. கலைஞர்கள் சில வேளைகளில் மறைவல்லுநர்களுக்கு முன்னே நடப்பதுண்டு.

குறைகள்

இத்தொகுப்பு குறையற்றது என்று சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. மூன்றாம் படம், கிறிஸ்துமஸ் இரவில் பழைய காதலி ஒருத்தி ஒருவனைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடியும்வரை நகரெங்கும் அலைக்கழிக்கும் கதை, இறுதியில் வரும் விளக்கத்தின்மீது மட்டுமே சாய்ந்து நிற்கிறது. திருநாளைத் தூயதாகக் கடைப்பிடிப்பது என்னும் கட்டளை அங்கு வெறும் பின்னணியாகிவிடுகிறது. ஆறாவது, ஒன்பதாவது ஆகியவற்றிலும் சோதனை பெண்ணின் வடிவிலேயே வருவது போன்ற ஒரு சாய்வு உண்டு. அவர்களுடைய தனிமைக்கும் இயக்குநர் இடம் தருகிறார் என்பது அதை ஓரளவே ஈடுசெய்கிறது.

மற்றொரு குறை நம் வாசகர்களுக்கு உறுத்தும். நகரத்தின் துன்பம் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வாடகையும் அரிசியும் வேலையின்மையும்தான். இந்தக் குடியிருப்பில் வாழ்பவர்களோ பெரும்பாலும் ஆசிரியர், மருத்துவர், கலைஞர். பசியை இயக்குநர் விலக்கியதால் கட்டளைகளின் ஒரு பாதி விலகிப்போயிற்று. இறைவாக்கினர் ஆமோஸ் காலடி வைக்க இங்கு இடமில்லை. ஐந்தாம் படத்தின் யாசெக் மட்டுமே அந்த விலக்கப்பட்ட உலகிலிருந்து வந்தவன். அந்தப் படமே எல்லாவற்றிலும் வலிமையானது என்பது தற்செயலன்று.

திருச்சபையும் ஏறத்தாழ வெளியிலேயே இருக்கிறது. அத்தை இரேனா இருக்கிறாள். கட்டி முடியாத ஓர் ஆலயம் இருக்கிறது. தூக்குமேடையருகே ஒரு குரு வந்து நிற்கிறார். பங்கு என்ற ஒன்று, அன்பியம் என்ற ஒன்று, இந்த மாடிப்படிகளில் ஏறியதாகத் தெரியவில்லை. இதைக் கத்தோலிக்க நாட்டின்மீது இயக்குநர் வைத்த பழி என்று சிலர் குறைகூறலாம். நான் அதைப் பழி என்று கொள்ளவில்லை. ஒரு கண்ணாடி என்றே கொள்கிறேன்.

பார்த்து நிற்பவர்

பெரும்பாலான படங்களில் பெயரில்லாத ஒரு மனிதர் தோன்றுகிறார். குளக்கரையில் நெருப்பு மூட்டி அமர்ந்திருப்பார். மருத்துவமனையில் பணியாளராக இருப்பார். சாலையில் அளவுகோலோடு நிற்பார். கொலைக்குச் செல்லும் யாசெக்கைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையசைப்பார். எவரையும் தடுப்பதில்லை, எதுவும் பேசுவதில்லை. அவரை வானதூதர் என்றும், மனச்சான்று என்றும், இறைவனின் மௌனம் என்றும் பலவாறு கூறுவர். இயக்குநர் விளக்கவில்லை, நாமும் விளக்கத் தேவையில்லை. யாரும் பார்க்காத குடியிருப்பில் பார்க்கின்ற ஒருவர் இருக்கிறார் என்பது போதும்.

ஒன்பதாம் படம், பிளவுண்ட கணவனும் மனைவியும் தொலைபேசியில் பேசுவதோடு முடிகிறது. இறக்கத் துணிந்து பிழைத்துக்கொண்ட கணவன் மருத்துவமனையிலிருந்து அழைக்கிறான். நீ இருக்கிறாயா என்பதற்குமேல் அவர்களுக்குச் சொல்ல எதுவுமில்லை. குடும்ப உறவு என்பதை அதன் கடைசிச் சொல்வரை சுருக்கினால் எஞ்சுவது அதுதான்: இருக்கிறேன். மோசே தம் பெயரைக் கேட்டபோது எரியும் முட்செடியிலிருந்து வந்த விடையும் இருத்தலைப் பற்றியதே என்பது நமக்கு நினைவுக்கு வராமற்போகாது.

முடிக்குமுன் ஒரு சிறு காட்சி. மூன்றாம் படத்தின் தொடக்கத்தில், தன் பிள்ளைகளை மகிழ்விப்பதற்காகக் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்ட தந்தை ஒருவன், பரிசு மூட்டையோடு கட்டட வாயிலில் எதிர்ப்படும் ஒருவருக்கு வாழ்த்துக் கூறுகிறான். எதிரே வருபவர் முதற்படத்தின் தந்தை. பரிசாக வாங்கிய சறுக்குக் காலணிகளால் மகனை இழந்தவர். இருவரும் ஓரிரு சொற்கள் பேசிக்கொண்டு விலகிச் செல்கின்றனர். வேடமிட்டவன் மேலே தன் பிள்ளைகளிடம் போகிறான். மற்றவர் வெளியே பனிக்குள் நடக்கிறார்.

அந்த நொடியில் எந்தக் கட்டளையும் மீறப்படவில்லை. எண்வரிசையில் தேடினால் எந்த எண்ணும் பொருந்தாது. ஆனாலும் எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் சாலையில் குருவும் லேவியரும் விலகிச் சென்ற அதே இடம் அது. அவர்களும் கட்டளை எதையும் மீறியதாக நினைத்திருக்க மாட்டார்கள். அடுத்த முறை மனச்சான்றை ஆராய அமரும்போது, ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவதற்கு முன்பு, நம் மாடிப்படியில் இவ்வாரம் எதிர்ப்பட்டவர் யார், அவர் வீட்டில் என்ன நேர்ந்தது என்று ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம். விடை தெரியவில்லை என்றால், எண்ணத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.